உடம்புக்குச் சூடு, காலுக்குக் குளிர்: காட்டுமாடு குத்திய ஒருவரின் சிகிச்சை குறித்த நிகழ்வு ஆய்வு

## பின்புலம்

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்குகளில் கேரட் அறுவடை விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு இறக்கியாக வேண்டும். அதனால் ஆட்களை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகள் இரவு இரண்டு, மூன்று மணிக்கே கிளம்பும். ஜனவரியில் தாழ்வான நிலங்களில் உறைபனி விழுந்து புல் வெளுத்துக் கிடக்கும் நேரம் அது. கேரட் தழையெல்லாம் பனித்தண்ணீர் நிற்கும். பிடுங்குகிறவரின் கை முழங்கை வரைக்கும், கால் முழங்கால் வரைக்கும் நனைந்துவிடும். காட்டுமாடுகள் தேயிலைச் சரிவிலிருந்து தோட்டங்களுக்கு இறங்குவதும் இதே நேரத்தில்தான்.

இங்கே பதிவு செய்வது அப்படிப்பட்ட ஒரு ஜனவரி விடியலில் தாக்கப்பட்டவரின் கதை. நாற்பது வயதுக்கு உட்பட்டவர், 52 கிலோ எடை, வேறு நோய் எதுவும் இல்லை. அவருக்கு மயக்கமருந்து கொடுத்த மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். எங்களுடையது மலைமேல் உள்ள சிறிய மருத்துவமனை. அறுவை மருத்துவர் இருக்கிறார், தியேட்டர் இருக்கிறது, சில பை இரத்தம் இருப்பில் இருக்கும். இரத்தக்குழாய் அறுவைக்கென்று தனி மருத்துவர் இல்லை. இதய-நுரையீரல் இயந்திரம் இல்லை. அவற்றுக்குக் கோயம்புத்தூர்தான் போக வேண்டும். நோயாளியும் குடும்பத்தாரும் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

## தோட்டத்தில் நடந்தது

சுமார் 5:10 மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில் மிரண்ட ஒற்றைக் காளை முட்டித் தூக்கி எறிந்திருக்கிறது. கொம்பு இடது தொடையின் உட்பக்கம், இடுப்பு மடிப்புக்கு நான்கு விரல் கீழே நுழைந்திருந்தது. அந்த இடத்தில் தொடைத் தமனி அரைவாசிக்கு மேல் கிழிந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. முழுதாக அறுந்த தமனி சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், இரத்தப்போக்கும் ஓரளவு மட்டுப்படும். பாதி கிழிந்த தமனியால் சுருங்க முடியாது. வாய் திறந்தபடியே கொட்டிக்கொண்டிருக்கும்.

யாரோ மூட்டை கட்டும் நைலான் கயிற்றை எடுத்துக் காயத்துக்கு மேலே கட்டப் பார்த்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் கயிறு நிற்க இடமில்லை, நழுவிவிட்டது. கூட வேலை செய்த பெண் ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை உருட்டிக் காயத்துக்குள் திணித்து, மேலே முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். சாலைக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது மட்டும் முழங்காலை எடுத்துவிட்டுக் கைமுட்டியால் அழுத்தியிருக்கிறார். இதை யாரிடம் கற்றீர்கள் என்று பிறகு கேட்டோம். “விட்டா பீச்சுது டாக்டர், அதனால விடல” என்றார். நாங்கள் பிற்பாடு செய்ததெல்லாம் பலித்ததற்கு இவர்தான் முதல் காரணம் என்று கருதுகிறேன்.

108-க்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் காத்திராமல் கேரட் பிக்கப்பிலேயே ஏற்றிவிட்டார்கள். முடிவு சரியானது, ஆனால் திறந்த வண்டி, ஈரச் சாக்கு, நனைந்த ஸ்வெட்டர், நான்கு டிகிரிக் காற்று. ஈரத்துணி உடம்பின் சூட்டை உலர்ந்த துணியைவிடப் பல மடங்கு வேகமாக இழுத்துவிடும். காற்றும் சேர்ந்தால் இன்னும் மோசம். இரத்தம் இழந்த உடம்பால் புதிய சூட்டை உண்டாக்கவும் முடியாது.

## வந்து சேர்ந்தபோது கண்டவை

6:05-க்கு வந்தார். நாடி 136, தொட்டும் தொடாமலும். இரத்த அழுத்தம் 70/40. மூச்சு நிமிடத்துக்கு 30. பெயரைச் சொன்னார், அடுத்த கேள்விக்குள் கண் சொருகியது. நடுக்கம் இல்லை. குளிரில் கிடந்து வந்தவர் நடுங்கினால் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. நடுங்கவில்லை என்றால் உடம்பில் அதற்கான எரிபொருளும் தீர்ந்துவிட்டது என்று பொருள். இடது பாதம் வெளுத்து, நாடியின்றி இருந்தது. விரல்களை லேசாக அசைக்க முடிந்தது.

அக்குளில் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் எண்ணே காட்டவில்லை, குறைவு என்று மட்டும் காட்டியது. சாதாரண தெர்மாமீட்டர்கள் காய்ச்சலைப் பார்க்கச் செய்யப்பட்டவை. கீழே 32-ஐ ஒட்டி அவற்றின் கணக்கு முடிந்துவிடும், தோல் குளிர்ந்திருந்தால் அதற்கும் முன்பே. தியேட்டரிலிருந்து உணவுக்குழாய்க்குள் விடும் வெப்பமானியை வரவழைக்கச் சொன்னேன். அது வருவதற்குள் ஈரத் துணிகளை வெட்டி எடுத்து, துடைத்து, உலர்ந்த கம்பளி போர்த்தி, முதல் ஊசி வழியாக, உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் பத்து நிமிடத்தில் போகுமாறு தொடங்கியாயிற்று. 2010-ல் வெளிவந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் இதைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

இரத்த வாயுப் பரிசோதனையில் பிஎச் 7.12, லாக்டேட் 9.8 (இரண்டும் இரத்தத்தில் அமிலம் ஏறியதைக் காட்டுபவை), அயனிக் கால்சியம் 0.9, ஹீமோகுளோபின் 8.4 (இரண்டும் குறைவு). இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எண்ணிக்கையில் போதுமான அளவு இருந்தன. உறைதல் பரிசோதனை சற்றே நீண்டிருந்தது. பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் காயத்தின் விளிம்பிலிருந்தும், ஊசி குத்திய இடத்திலிருந்தும் இரத்தம் கசிந்துகொண்டேயிருந்தது. தாளில் உள்ளதற்கும் கண்ணில் தெரிவதற்கும் பொருத்தமில்லை.

காரணம் ஆய்வகத்தில் இருந்தது. உறைதல் பரிசோதனையை எந்த ஆய்வகமும் 37 டிகிரியில்தான் செய்யும். இயந்திரமே மாதிரியை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடும். அதாவது நோயாளியின் இரத்தம் 37 டிகிரியில் எப்படி உறையும் என்றுதான் அந்தத் தாள் சொல்லும். நோயாளி 37-ல் இல்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கெட்டிப்படுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, குளிரில் இரத்தமும் சீக்கிரம் கட்டும் என்றே தோன்றும். நடப்பது நேர்மாறு. இரத்தம் உறைவது நொதிகளின் வேலை. நொதிக்குச் சூடு வேண்டும். தட்டணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளவும் சூடு வேண்டும். 37-லிருந்து 33 வரை இறங்கும்போது முதலில் தட்டணுக்களின் வேலை கெடும். 33-க்குக் கீழே நொதிகளும் சேர்ந்து மந்தமாகும்.

வெப்பமானி வந்தது. 32.8.

## “33 தானே, அப்படியே விடலாமா?”

இந்தக் கேள்வியை அன்று இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் எங்கள் பயிற்சி மருத்துவர்: “இதயம் நின்னு மீண்டவங்களை நாமே 33-க்குக் குளிர்விச்சோமே சார். இவர் தானாவே அங்கதான் இருக்கார். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்புதானே, சூடாக்கியே ஆகணுமா?” இன்னொருவர் நோயாளியின் தம்பி. கோயம்புத்தூரில் படிக்கிறவர், சேதி கேட்டுக் கையில் போனோடு வந்து தியேட்டர் வாசலில் நின்றார். அமெரிக்காவில் இரத்தம் வடிந்தவர்களை ஐஸில் உறைய வைத்துப் பிழைக்க வைப்பதாக ஒரு வீடியோ. “அண்ணனுக்கு ஹீட்டர் போடறது சரிதானா டாக்டர்?”

இரண்டுமே அர்த்தமில்லாத கேள்விகள் அல்ல. அன்று ஒரு நிமிடத்தில் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன்.

குளிர் உறுப்புகளைக் காக்கும் என்பது உண்மை. ஒரு டிகிரி இறங்கினால் மூளையின் ஆக்சிஜன் தேவை ஆறேழு சதவீதம் குறையும். 33-ல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். 2002-ல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரு ஆய்வுகள், இதயம் நின்று மீண்டவர்களைக் குளிர்வித்தால் பலன் என்றன. உலகமே குளிர்விக்கத் தொடங்கியது. 2013-ல் 33-ஐயும் 36-ஐயும் ஒப்பிட்டதில் வேறுபாடு தெரியவில்லை. 2021-ல் 33-ஐயும் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொள்வதையும் ஒப்பிட்டார்கள். அப்போதும் உயிர்பிழைத்தவர் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. தலைக்காயத்துக்கு முன்கூட்டியே குளிர்வித்துப் பார்த்த 2018-ன் ஆய்விலும் பலன் கிடைக்கவில்லை. ஆக அந்த 33 என்ற எண்ணே இன்று பழைய பெருமையோடு இல்லை.

இருந்தாலும் அதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்வோம். அங்கே குளிர்விக்கப்பட்டவர் யார்? இரத்தம் கொட்டாதவர், மயக்கமருந்திலும், நடுக்கத்தை அடக்கும் மருந்திலும் இருந்தவர், கேட்ட டிகிரியில் நிறுத்தும் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டவர். எங்கள் முன் கிடந்தவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. அவர் உடம்பு சூட்டைக் காக்கப் போராடி, இருந்த சக்தியைச் செலவழித்து, தோற்று 32.8-க்கு வந்திருந்தது. எண் ஒன்றுதான், அங்கே வந்து சேர்ந்த வழி வேறு.

இரத்தம் கொட்டும் உடம்பில் குளிரும், அமிலமும், உறையாமையும் ஒன்றையொன்று வளர்க்கும். குளிர்ந்தால் உறையாது, உறையாவிட்டால் இரத்தம் போகும், இரத்தம் போனால் திசுக்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் அமிலம் ஏறும், அமிலம் உறைதலை மேலும் கெடுக்கும். கால்சியம் குறைவதை நான்காவதாக இப்போது சேர்க்கிறார்கள். 1987-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உள்வெப்பம் 32-க்குக் கீழே போன காயம்பட்டோரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. எங்களுக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையில் ஒரு டிகிரிகூட இல்லை.

தம்பி காட்டிய வீடியோவின் விஷயம் வேறு. அதன் வேர் 1980-களில். வியட்நாம் போரில், தைத்துவிடக்கூடிய காயங்களோடு சில நிமிடங்களில் இரத்தம் வடிந்து இறந்த வீரர்களைப் பற்றி அமெரிக்க ராணுவ மருத்துவர் ரொனால்ட் பெல்லாமியும், உயிர்மீட்பு மருத்துவத்தின் முன்னோடி பீட்டர் சாஃபரும் யோசித்தார்கள். அறுவைக்கு வேண்டிய அவகாசம் கிடைக்கும்வரை உடம்பின் தேவையையே நிறுத்திவைக்க முடியுமா? பிட்ஸ்பர்க்கில் நாய்களில் பல ஆண்டுகள் சோதித்தார்கள். பிறகு அறுவை மருத்துவர் சாமுவேல் டிஷர்மன் அதை மனிதர்களுக்குக் கொண்டுவந்தார். பால்டிமோரில் குறைந்தது ஒருவருக்காவது இதைச் செய்துவிட்டதாக 2019 நவம்பரில் சொன்னார். அங்கே எடுத்துக்கொண்டது கத்திக்குத்தோ துப்பாக்கிச்சூடோ பட்டு, இதயம் நின்று, மார்பைத் திறந்தும் மீளாதவர்களை. பெருந்தமனிக்குள் பனிக்குளிர்ச் சலைனைப் பாய்ச்சி உடம்பை 10 முதல் 15 டிகிரிக்கு இறக்குகிறார்கள். நாடி இல்லை, இரத்த ஓட்டமே இல்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டையை அடைத்துவிட்டு, இதய-நுரையீரல் இயந்திரத்தால் சூடேற்றி மீட்கப் பார்க்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது, அவர்கள் 33-ல் நிற்பதில்லை. ஒரேயடியாகக் கீழே போய்விடுகிறார்கள். ஓடாத இரத்தம் உறைந்தால் என்ன, உறையாவிட்டால் என்ன. 10 டிகிரியில் உறுப்புகளுக்கு உண்மையான பாதுகாப்பு உண்டு. 37-ல் இரத்தம் உறையும். நடுவில் உள்ள 33-ல் பாதுகாப்பும் அரைகுறை, உறைதலும் அரைகுறை. இரத்தம் வடிபவருக்கு அது மோசமான வெப்பநிலை. எங்கள் நோயாளியின் இதயம் ஓடிக்கொண்டிருந்தது, இரத்தமும் ஓடிக்கொண்டிருந்தது. சூடேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

தம்பியிடம் சொன்னது இவ்வளவுதான்: “அது இதயம் நின்னுபோனவங்களுக்கு. உங்க அண்ணனோடது ஓடுது. ஓடுற வரைக்கும் சூடு வேணும்.” புரிந்ததா என்று தெரியவில்லை, தலையாட்டினார்.

## தியேட்டரில்

6:35-க்கு உள்ளே கொண்டுபோனோம். தியேட்டரின் சூட்டை 26 வரை ஏற்றச் சொல்லியிருந்தேன். அறுவை மருத்துவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு விஷயம்: எங்கள் மலையில் பல இடங்களில் ரூம் ஹீட்டர் அலுவலக அறையில் இருக்கும், காயம்பட்டவரைக் கிடத்தும் அறையில் இருக்காது.

கெட்டமின் கொடுத்து மயக்கினேன். பெரும்பாலான மயக்கமருந்துகள் தோலின் இரத்தக்குழாய்களைக் கொஞ்சமாவது விரியவைக்கும். உள்ளே இருந்த சூடு வெளிப்பக்கம் பரவி உள்வெப்பம் இறங்கும். எதிர்பார்த்ததுதான். 7 மணிக்கு 32.4. அன்றைய மிகக் குறைந்த எண் அது.

சூடேற்றத்தில் முதல் இடம் உள்ளே போகும் திரவத்துக்குத்தான் கொடுத்தோம். 4 டிகிரியில் வைத்திருந்த ஒரு பை இரத்தமோ, அறை வெப்பத்தில் இருந்த ஒரு லிட்டர் சலைனோ 70 கிலோ மனிதரின் வெப்பத்தைக் கால் டிகிரி இறக்கும் என்பது பாடநூல் கணக்கு. அந்த அறை வெப்பம் சமவெளிக்காரருடைய அறை வெப்பம். ஜனவரியில் எங்கள் மருந்துக் கிடங்கில் சலைன் 10, 12 டிகிரியில் கிடக்கும். நோயாளியோ 52 கிலோ. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு லிட்டருக்கு அரை டிகிரிக்கு மேல் போய்விடும். ஆகவே சலைனை மிகக் குறைத்தோம். தமனியைப் பிடித்து இரத்தப்போக்கை நிறுத்தும்வரை மேல் அழுத்தம் 80-லிருந்து 90 இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டு, இரத்தத்தையும் பிளாஸ்மாவையும் மட்டும் கொடுத்தோம். இருந்த ஒரே இரத்தம் சூடாக்கும் கருவி வழியாகத்தான் எல்லாம் போனது. அவசரத்தில் பையை வெந்நீரில் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. 42 டிகிரியைத் தாண்டினால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும் என்பதால் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிரசவ அறையின் குழந்தை வார்மர் அன்று சும்மா இருந்தது. துண்டுகளையும் கம்பளிகளையும் அதில் சூடாக்கி மாற்றி மாற்றிக் கொண்டுவந்தது செவிலியரின் யோசனை. கால்சியத்தை ஒவ்வொரு இரண்டு பைக்கும் ஒரு முறை கொடுத்தோம்.

வெப்பக்காற்றுப் போர்வை வந்தபோதுதான் காலைப் பற்றிய கேள்வி எழுந்தது. பயிற்சி மருத்துவர் தலை முதல் கால் வரை விரித்துவிட்டார். இடது காலிலிருந்து அதை எடுக்கச் சொன்னேன். இரத்தம் ஓடாத காலுக்கு மேலிருந்து சூடு கொடுத்தால் அந்தச் சூட்டை எடுத்துச் செல்ல இரத்தம் இல்லை, தோல் வெந்துவிடும். அதோடு சூடான தசைக்குப் பசி அதிகம். இரத்தமில்லாமல் தொடை, கெண்டைத் தசைகள் தாங்குவது நான்கிலிருந்து ஆறு மணி நேரம். குளிர்ந்திருந்தால் இன்னும் சற்று நீளும். உடம்பின் மற்ற பகுதிக்குக் கேடு செய்துகொண்டிருந்த குளிர், அந்தக் காலுக்கு மட்டும் நன்மையே செய்துகொண்டிருந்தது. ஒரே மனிதருக்கு இரண்டு வெப்பநிலை வேண்டியிருந்தது.

அப்படியானால் காலுக்கு ஐஸ் வைக்கலாமா என்றார் ஒரு செவிலியர். தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரத்தில் விரல் போய் வருபவர்களைப் பார்த்த அனுபவம் அவருக்கு. துண்டான விரலை நனைந்த காஸில் சுற்றி, பைக்குள் போட்டு, பையை ஐஸில் வைத்துக் கீழே அனுப்புவது சரியான முறை. ஆனால் துண்டான விரல் உடம்போடு இல்லை. அதன் குளிர் யாருக்கும் திரும்பி வராது. இந்தக் கால் உடம்போடு இருக்கிறது. ஐஸ் வைத்துக் குளிர்வித்தால், தமனியை இணைத்த மறுகணம் அந்தக் குளிர் முழுவதும் இதயத்துக்கு வரும். மெல்லிய உலர்ந்த துணி மட்டும் போர்த்தி, அறையின் சூட்டில் விட்டோம்.

7 மணிக்கு இடுப்பு மடிப்பில் தமனியைப் பிடித்தாயிற்று. கிழிந்த பகுதியைத் தைப்பதா, தற்காலிகக் குழாய் வைப்பதா? அறுவை மருத்துவர் இரண்டாவதைத் தேர்ந்தார். 32.4 டிகிரியில் உறையாத இரத்தத்தோடு நுணுக்கமான தையல் போட்டு ஒரு மணி நேரம் செலவழிப்பதைவிட, தொற்றுநீக்கிய பிளாஸ்டிக் குழாயை இரு முனைகளுக்கும் இடையே வைத்துக் கட்டி இரத்தத்தை ஓடவிடுவது பத்து, பதினைந்து நிமிட வேலை. இந்தக் குழாயை ஷன்ட் என்போம். கிழிந்திருந்த சிரையைக் கட்டினார்.

7:20-க்கு ஷன்ட் திறக்கப்பட்டது. அதற்கு முன் அவர் என்னைப் பார்த்தார். நான் கால்சியம் போட்டு முடித்துத் தலையசைத்தேன். காலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தேங்கியிருந்த குளிர்ந்த, அமிலமும் பொட்டாசியமும் ஏறிய இரத்தம் ஒரேயடியாக வந்தால் இதயம் தடுமாறும் என்பதால் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகவே தளர்த்தினார். ஆனாலும் அழுத்தம் 88-லிருந்து 66-க்கு விழுந்தது. இதயத்துடிப்பின் அலையில் ஓரிரு நிமிடம் மாற்றம். 32.7-க்கு ஏறியிருந்த உள்வெப்பம் மறுபடி 32.4. பிறகு எல்லாம் மெல்ல ஏறின. பாதத்தில் நாடி வந்தது. இப்போதுதான் இடது காலையும் மூடச் சொன்னேன்.

கெண்டையில் அழுத்தம் ஏறாமலிருக்கத் தசையுறைகளைத் திறந்துவிட்டு, காயத்தைக் கழுவி, காஸ் வைத்து அடைத்து 9 மணிக்கு முடித்தோம். 8:15-க்கு 33.5, 9:15-க்கு 34.8. ஊசி இடங்களின் கசிவு 34-ஐத் தாண்டும்போதுதான் நின்றது. மருந்துகளும் பிளாஸ்மாவும் அதற்கு முன்பே போயிருந்தன என்பதால் சூட்டுக்கு மட்டும் பெயர் கொடுக்க முடியாது. ஆனால் அந்த வரிசையை அறையில் இருந்த எல்லோரும் பார்த்தோம்.

## மலையில் நிறுத்தியதும் இறக்கியதும்

அடுத்த கேள்வி, உடனே கீழே அனுப்புவதா? குடும்பத்தார் அவசரப்பட்டார்கள், அது இயல்பு. குன்னூர் மலைப்பாதை இறங்கி மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோயம்புத்தூர். நடுவில் மீண்டும் இரத்தம் கசிந்தால் வளைவில் நின்று எதுவும் செய்ய முடியாது. கோயம்புத்தூரில் எடுத்துக்கொள்ளவிருந்த இரத்தக்குழாய் மருத்துவரை அழைத்தேன். “ஷன்ட் ஓடுதா? ஓடுதுன்னா காலுக்கு அவசரமில்ல. 36 ஆக்கிட்டு அனுப்புங்க” என்றார். ஊட்டியிலிருந்து மேலும் மூன்று பை இரத்தம் வருவதாகவும் இருந்தது. நிறுத்தினோம்.

10:30-க்கு 36.0. பிஎச் 7.29, லாக்டேட் 4.6. 11 மணிக்குக் கிளம்பினார். அனுப்பும் தாளில் சிவப்பு மையில் எழுதியது ஒன்றுதான்: நோயாளி இருக்கும் பக்கம் ஏசி போட வேண்டாம். மேட்டுப்பாளையம் வந்ததும் வெயில் அடிக்கும், கூட இருப்பவர்களுக்குப் புழுங்கும், பழக்கத்தில் கை ஏசிக்குப் போகும். மலையில் நான்கு மணி நேரம் உழைத்து ஏற்றியதைக் கீழே அரை மணியில் இறக்கிவிடலாம். போய்ச் சேர்ந்தபோது 36.3.

## பின் நடந்தவை

அன்று மாலையே வலது காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு தமனி சீரமைக்கப்பட்டது. அடுத்த இரண்டு நாட்கள் சிறுநீர் கருஞ்சிவப்பாக வந்தது. சிதைந்த தசையின் புரதம். சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் நான்காம் நாள் 3.4 வரை ஏறியது. டயாலிசிஸுக்குத் தயாராக இருந்தார்கள். தேவைப்படவில்லை, மூன்றாம் வாரத்தில் 1.2. கொம்போடு உள்ளே போன மண்ணால் காயத்தில் தொற்று வந்து பலமுறை கழுவ வேண்டியிருந்தது. கெண்டையில் தோல் ஒட்டினார்கள். ஐந்தாம் வாரம் வீடு திரும்பினார்.

கால் இருக்கிறது. உள் கெண்டையில் உணர்வு இல்லை. ஏற்றத்தில் இழுத்து நடக்கிறார். மூட்டை தூக்குவதில்லை, கேரட் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை. நினைவிலும் பேச்சிலும் குறையில்லை. வனத்துறை இழப்பீட்டுக்கான சான்றிதழுக்கு வந்தபோது பார்த்தேன்.

## மாற்றியவையும் மாறாதவையும்

அவசரப் பிரிவில் இப்போது 25 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் இருக்கிறது. இரத்தம் வடிந்து வருபவரின் முதல் தாளில் நாடி, அழுத்தம், மூச்சோடு உள்வெப்பமும் எழுதப்பட வேண்டும். காய்ச்சல் இருக்கிறதா என்ற கட்டத்தில் அல்ல, தனிக் கட்டத்தில். உறைதல் பரிசோதனைக்குப் போகும் சீட்டில் நோயாளியின் வெப்பத்தையும் எழுதி அனுப்புகிறோம். ஆய்வக முடிவு அதனால் மாறாது. அதைப் படிக்கிற மருத்துவர் அந்த எண்ணையும் சேர்த்துப் படிப்பார், அவ்வளவுதான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒரு சூடாக்கும் பெட்டியில் ஆறு பாட்டில் சலைன் எப்போதும் 39 டிகிரியில். வெந்நீர்ப் பைகளை அதிர்ச்சியில் உள்ள நோயாளிக்கு வைப்பதை நிறுத்திவிட்டோம். இரத்த ஓட்டமில்லாத தோலில் அவை கொப்புளம் போட்டதைப் பார்த்திருக்கிறோம். ரூம் ஹீட்டர் இடம் மாறிவிட்டது.

வெளியே செய்ய வேண்டியதுதான் கடினம். கேரட் அறுவடைக் குழுக்களின் மேஸ்திரிகள் சிலரை அழைத்துப் பேசினோம். ஒரு உலர்ந்த கம்பளியையும் ஒரு பிளாஸ்டிக் தாளையும் மூடிய பையில் பிக்கப்பின் முன்சீட்டுக்கு அடியில் வைத்திருங்கள், ஈரத்துணியை வெட்டிப்போடுங்கள், காயத்தில் துணியைத் திணித்து விடாமல் அழுத்துங்கள், தீ மூட்டி அடிபட்ட காலைப் பக்கத்தில் வைக்காதீர்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், முக்கியமாகப் பிராந்தி கொடுக்காதீர்கள், அது தோலைச் சிவக்கவைத்துச் சூட்டை வெளியேற்றும். அழுத்துவது எப்படி என்று காட்டியது முழங்காலை ஊன்றிய அதே பெண். சில வண்டிகளில் கம்பளி இருக்கிறது. சிலவற்றில் அது மழைக்குக் கேரட் மூட்டையை மூடுவதற்குப் போய்விட்டது.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் கருத்து ஒத்துப்போகவில்லை. 9:30-க்கு வெப்பம் 35-ஐத் தொட்டதும் அனுப்பியிருக்கலாம் என்பது அறுவை மருத்துவரின் கட்சி. ஷன்ட் ஓடிக்கொண்டிருந்தாலும் அதற்குள் கட்டி விழலாம், சிறுநீரகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பெரிய இடத்துக் கவனிப்பு கிடைத்திருக்கும் என்கிறார். 35-ல் கிளம்பியிருந்தால் வழியில் 34-க்கு வந்திருப்பார், கசிவு மறுபடி தொடங்கியிருக்கும் என்பது என் கட்சி. இரண்டையும் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூர் மருத்துவர் சொன்னது: வண்டிக்குள் சூடேற்ற வழி இருந்தால் 35, இல்லையென்றால் 36. இப்போது அதையே வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆம்புலன்ஸில் மின்கலத்தில் ஓடும் இரத்தம் சூடாக்கும் கருவிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. அது வரும்வரை எண் 36.